வலம்புரியாகத் திருப்பிய கேலக்ஸி

அறிவியல் கண்காட்சி தொடங்க மூன்று மணி நேரம் இருந்தது. ஜெபா டீச்சர் எங்கள் பிளக்ஸ் கடைக்குள் வந்து, முந்தின நாள் வாங்கிப்போன பேனரை என் மேஜையில் விரித்தார்.

"அண்ணே, எங்க கேலக்ஸி ஏன் எதிர்ப்பக்கம் சுத்துது?"

நான் பத்தாவது வரை படித்தவன். பாளையங்கோட்டையில் இருபது வருடமாக டிசைன் வேலை. வாடிக்கையாளரிடம் பேசக் கூச்சம் என்பதால் கம்ப்யூட்டரோடு விட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். டீச்சர் கொடுத்தது, எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் சுருள் விண்மீன் திரளின் படம். நடுவில் வயதான நட்சத்திரங்கள் மஞ்சளாக, சுற்றி வளைந்த இரண்டு கைகளில் இளம் நட்சத்திரங்கள் நீலமாக. பின்னால் டியூப்லைட் வைத்துக் காட்ட, வெளிச்சம் ஊடுருவும் பேக்லிட் பிளக்ஸில் கேட்டிருந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னலே இது, இடம்புரிச் சங்கு மாதிரி சுத்திக் கெடக்கு? பிள்ளைங்க படிக்கிற இடம். வலம்புரியாத் திருப்பிப் போடு."

கல்யாண பேனரில் சங்கை அப்படித்தான் திருப்புவோம். டீச்சரைக் கேட்கலாமே என்று தோன்றியது. வாய் வரவில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலமாகத் திருப்பி, கீழே தலைப்பைப் போட்டு அடித்துவிட்டேன்.

"ஒரு மாசமா பிள்ளைங்க தெர்மகோல்ல மாடல் செஞ்சிருக்காங்க. பேனர் ஒரு பக்கம், மாடல் ஒரு பக்கம் சுத்துனா நடுவரு என்ன சொல்லுவாரு?" என்றார் டீச்சர்.

முதலாளி அசரவில்லை. "மாடலைத் திருப்பிருங்களேன் டீச்சர்."

"ஒட்டியாச்சு அண்ணாச்சி. அது என்ன தோசையா, திருப்பிப் போட?"

மறுபடி அடிக்க பேக்லிட் ரோல் இல்லை, மதுரையிலிருந்து வரவேண்டும். நான் பேனரின் அச்சடித்த பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டித் தூக்கினேன். பின்பக்கத்தில் கேலக்ஸி கொஞ்சம் மங்கலாக, ஆனால் சரியாகச் சுழன்றது. எழுத்துகள் மட்டும் இடவலம் மாறியிருந்தன. எழுத்து இருந்த கீழ்ப்பட்டையைக் கத்தரித்து எறிந்தேன். தலைப்பை ஸ்டிக்கரில் வெட்டிப் பின்பக்கம் ஒட்டினேன்.

"அச்சடிச்ச பக்கம் லைட்டை வைங்க டீச்சர்" என்றேன்.

கண்காட்சியில் நானே போய் மாட்டினேன். நடுவர் சும்மா போகாமல், பேனர் தட்டிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார்.

"அங்கன ஒரு மாதிரி சுத்துது, இங்கன எதிரா சுத்துது?"

டீச்சர் நிதானமாகச் சொன்னார்:

"நெசத்துலயும் அப்படித்தான் சார். நாம அந்த கேலக்ஸிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தா, எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரிதான் தெரியும்."

நடுவர் இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, முதல் பரிசு எழுதினார்.

"பாத்தியாலே, நான் திருப்பச் சொன்னதுக்குக் கிடைச்ச பரிசு" என்றார் முதலாளி, நான் கடைக்குத் திரும்பிச் சொன்னதும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்தவர் படத்தில் கை வைக்கும் முன் "திருப்பவா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு சொல். எனக்கே இப்போது வருகிறது.