அடுத்தவர் ஈரத்துணி

ஆர்லன் நெஸ் தன் வாழ்நாளில் கல்லூரிப் படியேறியதெல்லாம் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கத்தான். ஆனாலும் அயோவாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில், பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று குழம்பியவர்கள் பள்ளிக்கூடத்து ஆலோசகரைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், கையில் காப்பியோடு ஆர்லனைத்தான் மொய்ப்பார்கள்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அயோவாவிலும் மினசோட்டாவிலுமாக ஒன்பது சின்னக் கல்லூரிகளின் விடுதிச் சலவையறைகள் அவர் பொறுப்பில் இருபத்தாறு வருடமாக இருந்தன. எதிலும் ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. எல்லாவற்றிலும் செங்கல் கட்டடம், ஓக் மரம், ஒரே பிள்ளை காலையில் தவளையை அறுத்துவிட்டு மத்தியானம் தத்துவம் படிக்கிற பாடத்திட்டம். அந்தக் கல்லூரிகள் வீடு வீடாக அனுப்புகிற பளபளப்புப் புத்தகங்களில் பெயரை மட்டும் மறைத்துவிட்டால், எது எந்தக் கல்லூரி என்று அதன் தலைவருக்கே தெரியாது. அத்தனை படங்களிலும் மூன்று பேர் புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் என்னவோ சொல்லியிருப்பார், மற்ற இருவர் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்தப் புத்தகத்தையெல்லாம் அடுப்புல போடுங்க," என்பார் ஆர்லன். "மெஷின் ஓடி முடிஞ்சு நின்னுபோச்சு. துணிக்குச் சொந்தக்காரன் வரல. அடுத்தவன் கூடையத் தூக்கிட்டு வந்து நிக்கிறான். உள்ள கெடக்கிற ஈரத்துணிய அவன் என்ன பண்றான்? அத மட்டும் பாத்துட்டா அந்தக் காலேஜப் பத்தி மொத்தமும் நான் சொல்லிடுவேன்."

சொல்லவும் செய்தார். ஆற்றோரக் கல்லூரி ஒன்றில் ஈரத்துணியை அப்படியே தரையில் வீசுவார்களாம். "உங்க பையன் அங்க நல்லா மார்க் எடுப்பான். காய்ச்சல்ல படுத்தா தண்ணி குடுக்க ஆள் இருக்காது." இன்னொன்றில் யாரும் அடுத்தவர் துணியைத் தொடவே மாட்டார்கள், பொழுது சாய்ந்தாலும் காத்துக்கொண்டு நிற்பார்கள். "ரொம்ப மரியாதை. மூஞ்சில மை ஒட்டியிருந்தாக்கூட ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க." கேட்டவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வீட்டுக்குப் போய் அந்தப் பெயர்களை அடித்துவிடுவார்கள்.

அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது ஹால்வர் கல்லூரியை. அங்கே வடக்கு விடுதியில் யார் மறந்து போட்ட துணியும் டிரையரில் காய்ந்து, மடிக்கப்பட்டு, காலுறைகள் ஜோடி சேர்ந்து மேசைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "பெத்த தாய்கூட அப்படி மடிக்க மாட்டா," என்று சொல்லும்போது அவர் குரலே இளகிவிடும். அவர் பேச்சைக் கேட்டு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் ஹால்வரில் சேர்ந்திருந்தார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்குத் தன் வீட்டு முறையும் வந்தது. ஒரே மகள் மாரிட். பதினேழு வயது, நெட்டையான பெண், கேட்டால்தான் பேசுவாள். உயர்நிலைப் பள்ளி நான்கு வருடமும் மதியச் சாப்பாட்டை நூலகத்தில் தனியாகவே சாப்பிட்டாள். அவளைத் தேடி வீட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை. பள்ளி ஆண்டு மலரில் அவள் படத்துக்குக் கீழே வேறொரு பெண்ணின் பெயர் அச்சாகியிருந்தது. அதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியில் ஏதோ தேடும்போது ஆர்லன் அதைப் பார்த்துவிட்டார், அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. இன்னும் நான்கு வருடம் அவள் இப்படியே கழித்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாரிட்டுக்கு இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்திருந்தன. ஒன்று ஹால்வர், மற்றது லாங்மூர். உதவித்தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஆர்லன். "லாங்மூர்ல ஈரத்துணிய மெஷின் மேல மலையாக் குவிச்சு வச்சிருப்பாங்க. போதாக்குறைக்குச் செவுரு பூராவும் சீட்டு ஒட்டிச் சண்டை. சந்தைக்கடை!"

"சந்தைக்கடைய நான் பாக்கணும்பா," என்றாள் மாரிட்.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டையும் காட்ட அழைத்துப்போனார். கல்லூரி மாணவர் ஒருவர் பின்னோக்கி நடந்தபடியே கட்டடங்களைக் காட்டும் வழக்கமான சுற்றை இருவரும் பாதியில் விட்டுவிட்டு நேரே சலவையறைக்கு இறங்கினார்கள். ஹால்வரில் மடித்த துணிகளை மாரிட் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லாங்மூரில் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளின் முன்னால் நின்றுவிட்டாள். 'மெஷினில் சிவப்புக் காலுறை போட்ட புண்ணியவானே, என் சட்டையெல்லாம் ரோஜா நிறம். 214ஆம் அறைக்கு வந்து மன்னிப்புக் கேள்.' அதன் கீழே வேறு கையெழுத்து: 'வந்தேன். நீ இல்லை.' அதற்கும் கீழே: 'இப்போது இருக்கிறேன். வரும்போது தின்ன ஏதாவது கொண்டு வா.' அரை மணி நேரம் படித்தாள். ஒருமுறை சிரித்ததுபோல இருந்தது, ஆர்லனுக்கு நிச்சயமில்லை.

வீடு திரும்பும் வழியில் அவரேதான் பேசிக்கொண்டு வந்தார். மென்மையான பெண்ணுக்கு மென்மையான இடம்தான் சரி என்றார். மாரிட் ஜன்னல் வழியே உழுத வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

மே முதல் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹால்வரில் ஒரு டிரையர் மக்கர் பண்ணியது. வழக்கமாகப் பத்து மணிக்குப் போகிறவர், அன்று வேறு ஊருக்கும் போகவேண்டியிருந்ததால் காலை ஆறு மணிக்கே போய் நின்றார். சலவையறையில் விளக்கு எரிந்தது. துப்புரவு வேலை பார்க்கும் வெர்னா, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாருடைய கால்சட்டையையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, நீ என்ன பண்ற?"

"பாத்தா தெரியல? மடிக்கிறேன். பதினோரு வருஷமா மடிக்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"மேசையத் துடைக்கணுமில்ல? துணி குமிஞ்சு கெடந்தா எப்படித் துடைக்கிறது?"

"அப்ப பிள்ளைங்க?"

"பிள்ளைங்களா!" வெர்னா கால்சட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "துணி போட்டதே அதுங்களுக்கு மறந்துபோகும். போன வருஷம் ஒரு பொண்ணு, இதையெல்லாம் மெஷினே மடிச்சு வெளிய தள்ளுதுன்னு நெனச்சிட்டிருந்தா. நல்லாப் படிக்கிற பொண்ணு வேற!"

ஆர்லன் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏழு பிள்ளைகளை அனுப்பியாயிற்று. பதினோரு வருடம் தேவாலயக் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு ஒரு பெண்பிள்ளையின் உழைப்பை விடுதிப் பிள்ளைகள் முந்நூறு பேரின் குணமென்று அளந்துவிட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் மனிதர் மழுப்புகிற ஜாதி இல்லை. அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைப் பரிமாறிய கரண்டி கீழே இறங்குவதற்குள் சொல்லிவிட்டார்.

"நான் சொன்னது தப்பு. ஹால்வர்ல பிள்ளைங்க மடிக்கல. வெர்னா மடிக்கிறா."

மனைவி டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். மாரிட் மட்டும் நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டாள்.

"எனக்குத் தெரியும்பா."

"எப்படி?"

"எல்லாத் துணியும் ஒரே மாதிரி மடிச்சிருந்துச்சு. முப்பது பேர் கை எப்படி ஒரே மாதிரி மடிக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல!"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தியே."

டார்லாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இருபத்தாறு வருஷ அனுபவமாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆர்லனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"நான் லாங்மூர் போறேன்," என்றாள் மாரிட். "பாத்த அன்னிக்கே தோணிடுச்சு."

"அங்க உன்னத் திட்டுவாங்கம்மா. துணிய மறக்கிறதுல நீ ஊருக்கே ராணி."

"பரவால்ல. யாராவது ஏதாவது சொல்லட்டும்."

மறுநாளே பதில் அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்லன் கீழ்த்தளத்தில் எல்லாரையும் கூட்டித் தன் தப்பைத் தானே சொன்னார். ஹால்வரில் படிக்கிற பையனின் தாய் ஒருத்தி, "என் மகன் அங்க நல்லாத்தான் இருக்கான், நீங்க சும்மா இருங்க," என்று அதட்டினாள். அதற்குப் பிறகும் அவர் யோசனை சொல்வதை நிறுத்தவில்லை. துணியை என்ன செய்கிறார்கள் என்பதோடு, செய்கிறவர் யார் என்றும் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அக்டோபரில் லாங்மூரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மெஷினில் தண்ணீர் வடியவில்லையாம். வேலையாக வந்தால் தன்னைத் தேடக்கூடாது என்று மாரிட் முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். ஆறு வாரமாகத் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்"க்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆர்லன் மெஷின் வரிசைக்குப் பின்னால் மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். பக்கத்து மெஷின் ஓடி முடிந்து நின்றிருந்தது. அதன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருந்தார், அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டை, மகள் கேட்டு வாங்கிப்போனது.

ஒரு பெண் கூடையோடு உள்ளே வந்தாள். குள்ளமாக, தலையெல்லாம் சுருள்முடி. ஆர்லன் ஸ்பேனரும் கையுமாக மெஷின் இடுக்கு வழியே பார்த்தார். அவள் கதவைத் திறந்து சட்டையை உருவினாள், விரித்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் மாடிப்படியைப் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"மாரிட் நெஸ்! உங்கப்பா சட்டை இன்னிக்கும் ஊறுது! வந்து எடுக்கிறியா, ஏலத்துல விடட்டுமா?"

மேலேயிருந்து வேறொரு குரல் வந்தது. "அவ வர மாட்டா! சீட்டாட்டத்துல எங்க எல்லாரையும் மொட்டை அடிச்சிட்டிருக்கா!"

அதையும் மீறிக்கொண்டு மூன்றாவது ஒரு குரல், கட்டடமே அதிரும்படி எழுந்தது.

"பெர்னி! அந்தச் சட்டைல ஒரு பட்டன் போச்சு, நீ தொலைஞ்ச!"

அது யார் குரல் என்று ஆர்லனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. தன் மகள் கத்தி அவர் கேட்டதே இல்லை. மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணீர் வழிய வழிய, ஏற்கெனவே இறுக்கிய திருகையே மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தார்.