லால்பாக் பாறைமேல் ஒரு நீலச்சட்டைக்காரர்

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிது. செல்போன் எங்கள் கைக்கு வராத காலம். லால்பாக் தோட்டத்துப் பாறைமேல் எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை நீலச்சட்டையில் காத்திருப்பார், போய்ப் பேசு என்று அண்ணன் அனுப்பினார். போட்டோவில்கூட நான் அவரைப் பார்த்ததில்லை.

மேலே ஒரு நீலச்சட்டைக்காரர் ஊரை வேடிக்கை பார்த்தபடி நின்றிருந்தார். தைரியம் போவதற்குள் கொட்டிவிட்டேன்.

"எனக்குச் சின்ன வயசுலருந்து வலிப்பு வரும். வீட்ல மறைச்சிட்டாங்க. எனக்கு மறைக்க மனசு வரல."

அவர் திகைத்துப்போனார். பிறகு மெதுவாக, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றார்.

"சாப்பிடறேன்."

"அப்புறம் எதுக்குங்க பயம்? ஆனா நீங்க தேடி வந்த ஆள் நான் இல்ல. சும்மா காத்து வாங்க வந்தேன்."

எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அதற்குள் இன்னொரு நீலச்சட்டைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். அவர்தான் மாப்பிள்ளை. அவரிடமும் அதையே சொன்னேன். இந்தமுறை நாக்கு தடுமாறவில்லை. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனவரிடமிருந்து பதிலே வரவில்லை.

அண்ணன் வெகுநாள் என்னோடு பேசவில்லை. சம்பந்தம் தவறியதற்கு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கோ மனசு லேசாக இருந்தது. அது ஏனென்று அன்றும் புரியவில்லை, இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.