வடக்கே ஓடும் ஜெனசீயும் பதினான்காம் கேள்வியும்

இதற்கு முன் கோபத்தில் நான் எந்தப் பயணமும் புறப்பட்டதில்லை. கடந்த ஒக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, நியூ யோர்க் மாநிலத்தில் ஓடும் ஜெனசீ ஆற்றைப் பார்க்கப் போனது கோபத்தில்தான். இலைகள் நிறம் மாறும் காலம், லெச்வேர்த் பூங்கா அழகு, ஒரே நாளில் போய் வரலாம் என்பதெல்லாம் உண்மை. அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் காரணத்தை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் மகள் அபிரா படிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் பொது அறிவுப் போட்டி நடக்கும். இறுதிச் சுற்றில் இரண்டு பிள்ளைகள் மட்டும். இருபது கூற்றுகள் வாசிக்கப்படும்; பிள்ளைகள் "சரி" அல்லது "பிழை" என்ற அட்டையைத் தூக்க வேண்டும். பதினான்காவது கூற்று இது: "ஐக்கிய அமெரிக்காவின் ஆறுகள் யாவும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கின்றன." ஆரணி என்ற பிள்ளை "சரி" அட்டையைத் தூக்கினாள். அபிரா "பிழை" அட்டையைத் தூக்கினாள். நடுவர் ஆரணிக்குப் புள்ளி கொடுத்தார். முடிவில் ஆரணிக்குப் பதினெட்டு, அபிராவுக்குப் பதினேழு.

நடுவர் பரம் அண்ணை. வீடு விற்கும் முகவர். போட்டிக்கு அனுசரணையும் அவர்தான், கேள்வித்தாளும் அவர்தான். கையில் ஒரு நீல நிறச் சிறு புத்தகம். அதில் இருக்கும் விடையே விடை. அபிரா மேடையிலேயே நின்று, "அங்கிள், ஜெனசீ வடக்கதான் ஓடுது. ரெட் ரிவரும்" என்றாள். அவர் சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டி, "இஞ்ச பாரும் பிள்ளை. வடக்கு மேல இருக்கு. தண்ணி மேல ஏறுமே?" என்றார். மண்டபம் சிரித்தது.

பதின்மூன்று வயதுப் பிள்ளை. அன்று மாலை தமிழ்ப் புத்தகங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, "I'm done, அம்மா. இனி நான் போகேல்லை" என்றாள். எட்டு வருடச் சனிக்கிழமைகள். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றவள். இங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வெள்ளச் சேதக் கோரிக்கைகளைப் பார்ப்பது என் வேலை. மேடான இடத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீருக்கு வரைபடத்தின் மேல்பக்கம் எது என்று தெரியாது. இதைச் சொல்ல ஒரு பட்டம் தேவையா?

பரம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி, அப்பிடி ஒரு ஆறு இருந்தாக் காட்டும். நான் மேடையிலயே சொல்லுறன். எனக்கு எப்பிடியும் லூவிஸ்ரனில ஒரு பார்சல் எடுக்கக் கிடக்கு. என்ர காரிலயே போவம்" என்றார். பரிசளிப்பு எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவர் வாயால் விடை பிழை என்று வர வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணமாக இருந்தது.

காலை 6.30 மணிக்கு டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் முன் வந்து நின்றார். 401, 427, பிறகு கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலைகள். நெரிசல் இல்லை. லூவிஸ்ரன் பாலம் வரை 152 கிலோமீற்றர், 8.15க்கு வந்துவிட்டோம். வழி முழுக்கக் காரின் ஒலிபெருக்கியில் யாரோ ஒருவருக்கு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக் கொடுத்துக்கொண்டு வந்தார். "ஓம் அன்ரி, ரெண்டு கராஜ். பேஸ்மென்ற் முடிக்கேல்லை. ஈரமோ? சீச்சீ, ஈரம் ஒண்டுமில்லை." என் தொழில் காரணமாக நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. கீழே ஆழத்தில் நயாகரா ஆறு, இரு கரைகளிலும் பெரிய மின்நிலையங்கள். இரவிலும் குளிர்காலத்திலும் அருவியில் விழும் தண்ணீரைக் குறைத்து இவற்றுக்குத் திருப்புகிறார்கள் என்பது, விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அருவி பார்க்க ஓடும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

"அங்கிள், இந்த ஆறு ஈரி ஏரியில இருந்து ஒன்ராறியோ ஏரிக்கு ஓடுது. ஒன்ராறியோ ஏரி வடக்க. அப்ப?" என்றாள் அபிரா.

"நயாகரா அரைவாசி எங்கட கனடாவின்ர, பிள்ளை. கேள்வி அமெரிக்க ஆறு."

"மற்ற அரைவாசி?"

"அது தெற்க ஓடுதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எல்லையில் 25 நிமிடம். அதிகாரி பயண நோக்கம் கேட்டார். ஆறு பார்க்க என்றார் பரம் அண்ணை. எந்த ஆறு என்று கேட்டதற்கு, பின் இருக்கையிலிருந்து அபிரா ஆங்கிலத்தில் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அதிகாரி கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபடி, "இட் கோஸ் நோர்த், சேர்" என்றார்.

"போடரில நிக்கிறவருக்கு ஆத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கார்க் கண்ணாடியை உயர்த்தினார் பரம் அண்ணை.

லூவிஸ்ரனில் பார்சல் கடை 9 மணிக்குத் திறந்தது. கனடாவுக்கு அனுப்பினால் செலவு அதிகம் என்று அமெரிக்க முகவரிக்கு வரவழைத்து எடுப்பது இங்கே பலரின் வழக்கம். அரிசிப் பை அளவில் ஒரு பெட்டி. அதைப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு, பஃபலோவைத் தாண்டி நாட்டுப்புற வீதிகளால் போனோம். 130 கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணி நேரம். சோளம் வெட்டிய வயல்கள், பால் பண்ணைகள், வீதியோரத்தில் பூசணிக்காய்க் குவியல்கள்.

இந்த வழியில்தான் அபிரா தன் பட்டியலை வாசித்தாள். மிசூரி ஆறு மிசிசிப்பியைவிடச் சற்று நீளமானது. சிக்காகோ ஆற்றை மனிதர்களே திசை மாற்றினார்கள். ஏரிக்குள் விழுந்தது இப்போது ஏரியை விட்டு ஓடுகிறது. புளோரிடாவின் சென் ஜோன்ஸ் வடக்கே ஓடுகிறது. ரெட் ரிவர் வடக்கே மனிற்றோபாவுக்கு வருகிறது. தெற்கில் பனி முதலில் உருகி, வடக்கில் இன்னும் உறைந்து கிடக்கும் ஆற்றில் வந்து முட்டுவதால் அங்கே வெள்ளம். இந்தக் கடைசி விஷயத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள்.

"இவ்வளவும் கூகிளில கிடந்தா எல்லாம் உண்மையே பிள்ளை?" என்றார் பரம் அண்ணை. இதை அவர் சொன்னது, காரின் வழிகாட்டி சொன்ன இடத்திலெல்லாம் திரும்பிக்கொண்டு.

லெச்வேர்த் பூங்காவில் ஒரு காருக்கு 10 அமெரிக்க டொலர். 11.15க்கு உள்ளே போனோம். ஜெனசீ இங்கே ஒரு பெரிய பள்ளத்தாக்கைக் குடைந்துகொண்டு மூன்று அருவிகளாக விழுகிறது. மேல் அருவிக்கு மேலே உயரத்தில் ஒரு ரயில் பாலம். நடு அருவி மூன்றிலும் பெரியது. வெயில் ஏறினால் சாரலில் வானவில் தெரியும். மேப்பிள் மரங்கள் சிவப்பில் நின்றன. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு, இவ்வளவு நன்னீர் ஒருவர் கிணற்றுக்கும் போகாமல் ஓடுவதைப் பார்க்க இப்போதும் ஒரு அந்தரம் வரும்.

இந்த ஆறு பென்சில்வேனியாவில் ஒரு மேட்டில் பிறக்கிறது. அதே மேட்டின் ஒரு பக்கத் தண்ணீர் மெக்சிக்கோ வளைகுடாவுக்குப் போகிறது, இன்னொரு பக்கத் தண்ணீர் செசப்பீக் விரிகுடாவுக்கு. மூன்றாவது பக்கம்தான் ஜெனசீ. சுமார் 250 கிலோமீற்றர் வடக்கே ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது.

நடு அருவியின் தடுப்புச் சுவரில் பரம் அண்ணை தன் கைத்தொலைபேசியின் திசைகாட்டியை வைத்தார். அருவி விழுந்த இடத்தில் ஆறு வளைகிறது. முள் கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடையில் ஆடியது.

"பாத்தீரே! உது கிழக்கு!"

"கிழக்கெண்டாலும் தெற்கில்லைத்தானே, அங்கிள்" என்றாள் அபிரா.

"வளைஞ்சு போய்ப் பிறகு தெற்க திரும்பும்."

பெருமூச்சு விட்டுக் காருக்குத் திரும்பினோம். மரக்கறி ரோல்ஸ் சாப்பிட்டோம். இறைச்சி ரோல்ஸ் எல்லையில் பிரச்சினை தரும் என்பதால் நான் கொண்டுவரவில்லை. 1.20க்கு ரொச்செஸ்ரர் நோக்கிப் புறப்பட்டோம். அவருடைய காரின் நடுக் கண்ணாடியில் போகும் திசை எழுத்தாகத் தெரியும். ஆறும் நாங்களும் ஒரே பக்கம் போக, 85 கிலோமீற்றரில் பெரும்பாலும் அது வடக்கையே காட்டியது. ஸ்ரௌவ்வில் அன்ரி இடையில் இரண்டு தடவை அழைத்தார்.

ஆறு ஏரியில் விழும் இடம் சார்லட். பெரிய கடற்கரை போன்ற பூங்கா. கார் நிறுத்தக் கட்டணமில்லை. ஆற்றின் ஓரமாக ஒரு நீண்ட அலைதடுப்புச் சுவர் ஏரிக்குள் போகிறது. நுனி வரை பன்னிரண்டு நிமிட நடை. குளிர்காற்று காதை அறுத்தது. நுனியில் நின்றால் இடப்பக்கம் ஏரி, முன்னால் ஏரி, காலடியில் பழுப்பு நிற ஆறு வந்து நீலத்துக்குள் கரைகிறது. நேரே எதிர்க்கரையில் கோபேர்க் பக்கம், ரொறன்ரோ வடமேற்கே. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இதே ஏரித் தண்ணீர்தான்.

பரம் அண்ணை ஒரு காய்ந்த கிளையைத் தண்ணீரில் போட்டார். காற்று வடக்கிலிருந்து அடித்ததால் அது சற்று நேரம் அசையாமல் நின்றது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு கிளை மெல்ல ஏரிப் பக்கம் நகரத் தொடங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வெள்ளைக்காரரிடம் கேட்டார். அவர் சிரித்து, இந்த மாதம் சமன் மீன்கள் முட்டையிட ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகின்றன, ஏறுவது தெற்குப் பக்கம், தண்ணீர் ஓடுவது எதிர்ப்பக்கம் என்று கையால் காட்டினார்.

"சரி. ஒண்டு ஓடுது" என்றார் பரம் அண்ணை.

"ஒண்டு காணும். கூற்றில 'யாவும்' எண்டு இருக்கு" என்றேன்.

அவர் காரை நோக்கி நடந்தார். கார் நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்து, லூவிஸ்ரன் பெட்டியின் மூடியைக் கிழித்தார். உள்ளே வெற்றிக் கிண்ணங்கள். பெரியதை எடுத்து எனக்குக் காட்டினார். அடியில் அவருடைய முகம் அச்சிட்ட ஒட்டுப்படம், அதன் மேல் பித்தளைத் தகட்டில்: முதலாம் இடம், ஆரணி.

"போட்டி முடிஞ்ச அண்டைக்கே ஓடர் குடுத்திட்டன் தங்கச்சி. பேர் வெட்டியாச்சு. நான் இப்ப என்ன செய்ய?"

"கிண்ணத்தில பேர் வெட்டினா ஆறு திரும்பி ஓடுமோ அண்ணை?"

"சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? நாளைக்கு ஆர் என்னட்ட வீடு வாங்குவினம்? பிள்ளைக்கு இன்னொரு கிண்ணம், உதைவிடப் பெரிசா, நான் தாறன். மேடையில சொல்லச் சொல்லாதேயும்."

அபிரா கேட்டுக்கொண்டு நின்றாள். "எனக்குக் கிண்ணம் வேண்டாம் அங்கிள். விடை பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"பாப்பம்" என்றார். நம்மூரில் "பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

3.40க்குப் புறப்பட்டு, லூவிஸ்ரன் பாலத்தில் கனடா எல்லையில் 50 நிமிடம் நின்று, 7.35க்கு வீடு வந்தோம். மொத்தம் 648 கிலோமீற்றர்.

போக விரும்புபவர்களுக்கு: பாலத்தின் கட்டணம் திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள். காலை 8.30க்கு முன் எல்லையைக் கடவுங்கள். லெச்வேர்த்துக்கு மட்டும் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு இரண்டுதான் கிடைத்தது, அது போதாது. அருவிப் படிகள் ஈரமாக இருக்கும், செருப்போடு போகாதீர்கள். திசை பார்க்க வேண்டுமானால் அருவியில் நிற்காமல் நேரே சார்லட்டுக்குப் போங்கள். அலைதடுப்பில் காதை மூடும் தொப்பி கட்டாயம். ஒருவருக்கு நிரூபிப்பதற்காக மட்டும் போகாதீர்கள். கண்ணால் பார்த்தால் மனிதர் மாறிவிடுவார் என்று நான் நம்பியது என் முட்டாள்தனம்.

பரிசளிப்பு நாளில் பரம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, "ஒரு சின்ன அறிவித்தல். பதினான்காம் கேள்வி ரத்துச் செய்யப்படுகிறது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அதோடு முடிந்தது.

எனக்குப் பக்கத்திலிருந்து அபிரா எழுந்தாள். "அப்ப ஆரணிக்கும் பதினேழு, எனக்கும் பதினேழு, அங்கிள்."

முன்வரிசையில் யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். பரம் அண்ணையும் எண்ணியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "அப்ப ரெண்டு பேருமே முதலாமிடம்!" என்று தானே கைதட்டத் தொடங்கினார். இருவரையும் மேடைக்கு அழைத்து, ஒரே கிண்ணத்தை இருவர் கையிலும் கொடுத்து, நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வெற்றி பெற்றவர்கள் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். ஆரணி நன்றி சொன்னாள். அபிரா ஒலிவாங்கியை வாங்கினாள்.

"கேள்வியில பிழை இல்லை. விடையிலதான் பிழை. ஜெனசீ வடக்க ஓடுது. பரம் அங்கிளும் வந்து பாத்தவர்."

கிண்ணத்தை ஆரணியிடம் விட்டுவிட்டு அவள் இறங்கி வந்தாள். பரம் அண்ணை, "அடுத்ததாக நடனம்" என்றார்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பிழையை ஒத்துக்கொள்வதைவிடக் கேள்வியை இல்லாமல் செய்வது சுலபம் என்று ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள் பார்க்க நடத்திக் காட்டியிருக்கிறார். அதைக் கேட்க ஒரு பெரியவரும் எழும்பவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று நான் கதிரையிலேயே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அபிரா பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். போகேல்லை எண்டு சொன்னீர், இப்ப என்ன என்று கேட்டேன்.

"அங்கிளின்ர நீலப் புத்தகத்தை ரீச்சரிட்ட கேட்டு வாங்கப் போறன்," என்றாள் சப்பாத்தைக் கட்டியபடி. "இன்னும் எத்தினை பிழை இருக்கெண்டு பாக்கோணும்."