செகண்ட் மேட் மருமகன்

கப்பலிலும் வகுப்பு வகுப்பாகத்தான் ஏறவேண்டும் என்பது சண்டிலிப்பாயில் பிறந்த எங்களுக்கு மச்சானால்தான் தெரியவந்தது. தெல்லிப்பழை மாமியின் மகன் அவர். அக்காவுக்கு அவர்தான் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அவர் தோட்டத்தை விட்டுக் கப்பலுக்குப் போனதும், புகையிலையைத் தவிர வேறெதையும் நம்பாத எங்கள் அப்பா கலியாணப் பேச்சைத் தள்ளிப்போடத் தொடங்கினார்.

முதலில் மச்சான் சாதாரண மாலுமி. சில வருடம் கடலில் நின்றபின் கொழும்பில் சோதனை எழுதி, செகண்ட் மேட் ஆனார். மாமி கற்கண்டோடு வந்து செய்தி சொன்னார். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, முதலாவதாக வந்த பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார்.

அது ஒரு பதவி, அதற்கு மேலே சீஃப் மேட், அதற்கும் மேலே கப்டன், ஒவ்வொன்றுக்கும் மறுபடி கடலில் நின்று மறுபடி சோதனை எழுதவேண்டும் என்று மச்சான் பொறுமையாக விளக்கினார். விளக்கியிருக்கக் கூடாது.

"அப்ப கப்டனாகட்டும், தம்பி. பிறகு பாப்பம்," என்றார் அப்பா.

அடுத்த லீவில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து சீஃப் மேட் சோதனைக்குப் படித்தார். இருட்டில் தெரியும் விளக்குகளை வைத்தே அது எப்படிப்பட்ட கப்பல், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவேண்டுமாம். அக்கா இரண்டு ரோச் லைற்றுகளில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டத் தாள் சுற்றி, பொழுதுபட வாழைகளுக்குள் நடந்து காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, ஆமியின் ஹெலி மேலே சுற்றுகிற சண்டைக் காலத்தில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

பாடம் சாப்பாட்டு மேசைக்கு மாறியது. இடப்பக்கச் சிவப்பு விளக்குக்குப் பழமிளகாய், வலப்பக்கப் பச்சைக்குப் பச்சைமிளகாய். பிழையாகச் சொன்னால் அந்த மிளகாயைக் கடிக்கவேண்டும் என்பது அக்காவின் சட்டம். கப்பல்காரர் நிறையத் தண்ணீர் குடித்தார்.

ஒருநாள் மத்தியானம், கப்டனாக இன்னும் எத்தனை வருடம் என்று அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். மச்சான் விரல் மடிக்கத் தொடங்கினார். அக்கா இரண்டு பழமிளகாய்களை எடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அப்பாவின் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தாள்.

"உதென்ன கப்பல்?" என்றார் அப்பா.

மச்சானுக்குப் பதில் தெரியும். தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"மேலும் கீழுமா ரெண்டு சிவப்புத் தெரிஞ்சா, அந்தக் கப்பல் சுக்கானுக்கு அடங்காது. மற்றக் கப்பலுகள்தான் விலத்திப் போகவேணும்," என்றாள் அக்கா. "கப்டன் வரும்வரை ஏன்? எனக்கு செகண்ட் மேட் காணும், அப்பா."

அப்பா மிளகாய்களை விட்டுத் தன் கோப்பையைக் கொஞ்சம் விலத்தி வைத்தார். பிறகு ரசம் விடச் சொன்னார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சீஃப் மேட் சோதனையில் மச்சான் முதல்தரம் தவறினார். பழி கலியாணப் பந்தலுக்குப் போயிற்று. அடுத்த தரம் தேறிவிட்டார். அவர் கப்டனான காலத்தில் சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்ததால் செய்தி எங்களுக்கு வந்துசேர மாதங்கள் பிடித்தன. அப்பா அன்று பின்னேரமே சங்கக்கடைக்குப் போய், சாமான் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். என்ன கப்பல் என்று ஒருவர் கேட்டாராம். "பெரிசு," என்றுவிட்டு வந்துவிட்டார்.

வந்ததும் அக்காவிடம் கப்பலின் பெயரைக் கேட்டார். ஏதோ நோர்வேப் பெயர். நாக்குப் புரளாத அந்தப் பெயரைச் சாப்பாட்டு நேரம்வரை முற்றத்தில் நடந்து நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தார்.