மஸ்ரெஷாவின் மகன் பெயர்

எத்தியோப்பியாவின் டெசே ஊரில் எங்கள் தெருவில் யாராவது செத்துப்போனால், புதைக்கும் முன் மரியாள் கோயில் வாசலில் மைக் வைத்து அவருடைய வாழ்க்கையைப் படிப்பார்கள். எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யாருக்கு அப்பா, யாருக்குத் தாத்தா, எல்லாம் அதில் வரும். நான் இங்கே சொல்லப்போவது மாவு மில் மஸ்ரெஷாவின் வாழ்க்கை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இன்று காலையில்கூட என் டெஃப் தானிய மூட்டையை அரைத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்காகப் படிக்கும் நாள் வரும்போது யாராவது உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அதனால் அவர் இருக்கும்போதே சொல்லிவைக்கிறேன்.

அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மழைக்காலத்தில் அம்மை கண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாக இவர் பிறந்தபோது அவருடைய அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "மஸ்ரெஷா" என்றாளாம். மறக்கடிக்கிறவன் என்று அர்த்தம். முன்னே போனதுகளின் துக்கத்தை இவன் மறக்கடிப்பான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்தான் அந்தப் பெயர் பிறக்கும். ஆண் பிள்ளைக்கும் வைப்பார்கள், பெண் பிள்ளைக்கும் வைப்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் பெயர் என்பது பெற்றவர்கள் மனதில் அன்றைக்கு ஓடிய பேச்சு. என் பெயர் பிஸுனெஷ். 'நீ ஏராளம்' என்று அர்த்தம். நான் ஐந்தாவது பெண். என் அப்பாவின் அலுப்பை ஆயுள் முழுக்க நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

மஸ்ரெஷாவுக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். துக்கம் தீர்ந்துபோன வீடு அது. அவனுக்கு ததெலே என்று பெயர் வைத்தார்கள். கொடுத்துவைத்தவன். வைத்த நேரமோ என்னவோ, அவனுக்கு எல்லாமே பலித்தது. அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மில்லில் மூட்டை தூக்கினார், தம்பி படித்தான். அண்ணன் மில்லையே சொந்தமாக வாங்கி, தலையெல்லாம் மாவாக நின்றார், தம்பி கனடாவுக்குப் போய் ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில் மேலாளராக உட்கார்ந்தான். அவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை இல்லை.

மஸ்ரெஷாவுக்கு ஒரே மகன், நாஹோம். அவனுக்குப் பதினைந்து வயதானபோது சித்தப்பா அங்கிருந்து சொல்லியனுப்பினான், பையனைப் படிக்க வைக்கிறேன், அனுப்பிவை என்று. மஸ்ரெஷா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் சரி என்றார். பெரிய நோன்பு முடிகிற சமயம், மில்லில் மூச்சுவிட நேரமில்லை. அதனால் காகித வேலைக்கு அவருடைய மனைவி வொர்க்னெஷ்தான் பையனைக் கூட்டிக்கொண்டு அடிஸ் அபாபாவுக்குப் போய் வந்தாள். எல்லாம் முடிந்து பையன் விமானம் ஏறினான்.

அதற்குப் பிறகு மஸ்ரெஷாவுக்கு ஒரு புதுப் பெருமை பிடித்துக்கொண்டது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அதற்குப் பின்னால் தாத்தா பெயர், அவ்வளவுதான். பேரனுக்குப் பிள்ளை பிறந்தால் நம் பெயர் வாலிலிருந்து உதிர்ந்துவிடும். யாரும் அதற்காக அழுவதில்லை. ஆனால் பள்ளி ஆசிரியர் செயூம் ஒரு நாள் மில்லில் காத்திருந்தபோது சும்மா இல்லாமல் இதைக் கிளறிவிட்டார்.

"மஸ்ரெஷா அண்ணே, உங்க பேர் இங்க முடிஞ்சுது. என் வகுப்புல பாருங்க, எல்லாம் நாஹோம், நாவோல், பெத்தெல்ஹெம். மஸ்ரெஷான்னு கூப்பிட்டா ஒரு பிள்ளைகூட எந்திரிக்காது. ரெண்டாவது பேரா மட்டும் நாலஞ்சு பேருக்கு இருக்கு. அவங்க பிள்ளைங்க காலத்துல அதுவும் கடைசிக்குப் போயிடும்."

"போகட்டுமே. இப்ப எந்தப் பிள்ளையும் சாகறதில்லை, எவனை மறக்கடிக்கணும்? நல்லதுதானே."

"முழுசாக் கேளுங்க. கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேற. அங்க ரெண்டாவது பேரைக் குடும்பப் பேராப் புடிச்சு ஆணி அடிச்சிடுவாங்க. நாஹோம் மஸ்ரெஷா. அவன் பிள்ளையும் மஸ்ரெஷா, பேரனும் மஸ்ரெஷா. பேரன் பொண்டாட்டிகூட மஸ்ரெஷா. உங்களுக்கு அழிவே கிடையாது."

அன்றைக்கு மஸ்ரெஷா சிரித்த சிரிப்பில் மில் பெல்ட்டின் சத்தமே கேட்கவில்லை. பிறகு யார் மாவரைக்க வந்தாலும் இதே பேச்சுதான். அங்கே ஆபீசில் ஒருவனைக் கூப்பிட வேண்டுமென்றால் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம், அப்பா பெயரைத்தான் சொல்வார்களாம். "என் பையனைக் கூப்பிடணும்னா வெள்ளைக்காரன் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். மிஸ்டர் மஸ்ரெஷா! மாவு மூட்டை தூக்கினவன் பேரு." நான் வேண்டுமென்றே சீண்டுவேன். "அவங்க வாயில உங்க பேரு எப்படிக் கடிபடுதோ அண்ணே." அதற்கும் சிரிப்பார். பின்னால் வொர்க்னெஷ் தலையைக் குனிந்துகொண்டு எங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருப்பாள். அடக்கமான பொம்பளை என்று நினைத்துக்கொள்வேன்.

நாஹோம் படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். எலியாஸ் என்று ஒரு பையன் பிறந்தான். போனில் அந்தக் குழந்தை "தாத்தா" என்று சொன்ன அன்று மஸ்ரெஷா தெருவுக்கே பார்லி ரொட்டி கொடுத்தார். "எலியாஸ் மஸ்ரெஷா" என்று அவராகவே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை. மகனும் திருத்தவில்லை.

போன தை மாதம், திம்கத் திருவிழா முடிந்த கையோடு ததெலே அங்கே மாரடைப்பில் போய்விட்டான். ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தானாம். சவப்பெட்டி விமானத்தில் வந்தது. கூடவே நாஹோமும், அங்குள்ள எங்கள் சபை ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். நாஹோம் மொட்டையடித்து, மேலிருந்து கீழ்வரை கறுப்பு உடுத்தியிருந்தான். சித்தப்பா மேல் பாசம் என்று நாங்கள் உருகினோம்.

கோயில் வாசலில் செயூம்தான் மைக்கைப் பிடித்தார். படிக்க வேண்டியதைச் சபை ஆட்கள் கனடாவிலேயே தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள். பிறந்த ஊர், படிப்பு, உழைப்பு, தர்ம காரியம் எல்லாம் ஒழுங்காக வந்தது. பெண்கள் நடுநடுவே விம்மினார்கள். கடைசியில் செயூம் இப்படிப் படித்தார்: "அன்னார், நாஹோம் ததெலே என்ற ஒரே மகனுக்கு அன்புத் தந்தையும், எலியாஸ் ததெலேவுக்கு அருமைத் தாத்தாவும் ஆவார்."

படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது செயூமுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். என் பக்கத்திலிருந்தவள், "வாத்தியாருக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று முணுமுணுத்தாள். செயூம் காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டார். சபை ஆட்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் முகம் மாறவில்லை. நான் மஸ்ரெஷாவைப் பார்த்தேன். அவர் நாஹோமைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாஹோம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துக்கப் பந்தல் மஸ்ரெஷா வீட்டு வாசலில்தான் போட்டிருந்தது. சாவு வீட்டு வேலைக்கென்று தெருவில் வைத்திருக்கும் எங்கள் சங்கத்துப் பெண்களோடு நான் பின்கட்டில் இன்ஜெரா அப்பத்துக்குக் கடலைமாவுக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் மூன்று பேர் பேசுவது சுவர் வழியாக அப்படியே கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

"பேப்பர்ல மட்டும்தான்ப்பா," என்றான் நாஹோம். "அண்ணன் பையன்னு போட்டா உள்ள விட மாட்டாங்க. மகன்னாதான் விடுவாங்க. இப்படி எத்தனை பேர் வந்திருக்காங்க தெரியுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேனோ மாட்டேனோ, நீ கேட்டுப் பாத்தியா?"

மஸ்ரெஷாவின் குரல் வேறு பக்கம் திரும்பியது. "வொர்க்னெஷ். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." என்றாள் அவள். "நான்தானே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"போய் என்ன சொன்னே?"

"ததெலேக்குப் பொறந்த பிள்ளைன்னு சொன்னேன். என் மானத்தைக் குடுத்துதான் சொன்னேன். பையன் பொழைக்கணும்ல."

"மில்லுல உக்காந்து மிஸ்டர் மஸ்ரெஷா, மிஸ்டர் மஸ்ரெஷான்னு நான் பீத்திக்கிட்டிருந்தப்ப நீ பக்கத்துல காபி ஊத்திக்கிட்டிருந்தே."

"ஆமா."

"ஒரு நாளாவது, வாயை மூடுய்யான்னு சொல்லியிருக்கலாமே."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. கட்டினவள், பெற்றவன், கூடப்பிறந்தவன். மூன்று பேரும் சேர்ந்து இந்த மனிதரை ஊர் நடுவில் கோமாளி ஆக்கியிருக்கிறார்கள். வெளியாள் முதுகில் குத்தினால் திரும்பி நின்று திட்டலாம். இவர் யாரைத் திட்டுவார்? ததெலேயோ இன்றைக்குத்தான் மண்ணுக்குள் போயிருக்கிறான். திட்டு வாங்குவதில்கூட அவன் கொடுத்துவைத்தவன்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு," என்றார் மஸ்ரெஷா. "இப்ப மாத்து."

"மாத்த முடியாதுப்பா. பொய் சொல்லி வந்தேன்னு ஆயிடும். குடியுரிமை போயிடும், வேலை போயிடும். எலியாஸுக்கும் அதே பேர்தான்."

"அப்ப பேப்பரை விடு. வெளிய பந்தல்ல ஊரே உக்காந்திருக்கு. எந்திரிச்சு நின்னு, நான் மஸ்ரெஷா மகன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு அது போதும்."

"அவங்க போன்ல காட்டிக்கிட்டிருக்காங்கப்பா. அங்க எல்லாரும் நேரடியாப் பாக்கறாங்க. சபை முழுக்க என்னை அவர் பிள்ளைன்னுதான்..." உடைந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக எனக்கு இரக்கம் வந்துவிடவில்லை. "கூட்டம் போனதும் சொல்றேன். தனியா எத்தனை தடவை வேணாலும் சொல்றேன்."

"தனியா யார்கிட்டடா சொல்லுவே? என்கிட்டயா? எனக்குத்தான் தெரியுமே."

கொஞ்ச நேரத்தில் மூவரும் பந்தலுக்கு வந்து, துக்கக்காரர்கள் உட்காரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாஹோம் முதலில், மகனுக்கான இடத்தில். பக்கத்தில் மஸ்ரெஷா, செத்தவனின் அண்ணனாக. ஆட்கள் வரிசையாக வந்து குனிந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு நாஹோம் முன்னால் வந்ததும் வாய் குழறியது. என்ன சொல்வது என்று தெரியாமல் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் மட்டும் கூச்சமில்லாமல் "உங்க அப்பா" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மஸ்ரெஷா நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவான், அடுத்த தடவை சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கே அந்த நப்பாசை இருந்தது.

குழம்புச் சட்டியோடு நான் வாசலுக்கு வந்தபோது மஸ்ரெஷா எழுந்தார். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் பந்தலை விட்டுத் தெருவுக்கு இறங்கி, ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் பதறிப்போய் வழி விட்டார்கள்.

"வேணாம். முறைப்படி வர்றேன்," என்றார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. வொர்க்னெஷ் சால்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். செயூம் எழுந்து அவரிடம் போகப் பார்த்து, பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மஸ்ரெஷாவின் முறை வந்தது. சபை ஆள் ஒருவன் நல்ல படம் கிடைக்கட்டும் என்று போனைப் பக்கத்தில் கொண்டுவந்தான். மஸ்ரெஷா தொப்பியைக் கழற்றினார். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் நிற்பதுபோல் மகனுக்கு முன்னால் குனிந்தார்.

"உங்க அப்பா தவறிட்டார்னு கேள்விப்பட்டேன்," என்றார். "ஆண்டவன் உங்களுக்குத் தெம்பைக் குடுக்கட்டும்."

நாஹோமின் உதடு அசைந்தது. அவன் கண் ஒரு தடவை போன் பக்கம் போய் வந்தது.

"ஆமென்," என்றான்.

மஸ்ரெஷா தொப்பியைப் போட்டுக்கொண்டு, தனக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.