ஆரோக்கியம் பார்த்துவைத்த படகு

ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், இந்தத் தொண்ணூற்றொன்றில் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான், அந்த மே மாதக் குண்டுவெடிப்பைத்தான், கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த வாரம் படகைப் பற்றி எழுதப் போகிறேன். இதுவும் சந்தோஷமான விஷயம் இல்லை. முன்பே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் படகா? ஏரி என்று ஒன்று இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் அதில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, மெயின் ரோட்டோரம் உள்ள ஃபைபர் பட்டறையில் மூன்று படகுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்கிற பட்டறை அது. யாரோ ஒரு பார்ட்டி ஆர்டர் கொடுத்துவிட்டு, எடுத்துக்கொள்ள வராமலே போய்விட்டாராம்.

வாங்க வந்தது நானில்லை. எனக்குப் பக்கெட் தண்ணீரைக் கண்டாலே கொஞ்சம் உதறும். வந்தது பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர். என்னை எதற்கு இழுத்துவந்தார் என்றால்... என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. படகை ட்ரெய்லரில் ஏற்றினால் அதுதான் இழுக்க வேண்டும்.

கூட வந்திருந்த ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினாவுக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு. கல்யாணமாகி இங்கே வந்தவர், பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த வரைக்கும் எங்கேயும் போனதில்லை. ஆரோக்கியத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு அவர் போட்ட திட்டம் இது: சேர்த்து வைத்த லீவை மொத்தமாக எடுப்பது. பழவேற்காடு ஏரியில் படகை இறக்குவது. ஏரியும் கால்வாயுமாக வடக்கே ஆந்திரா பக்கம் போய்க்கொண்டே இருப்பது. லாட்ஜ் கிடையாது, கடை கிடையாது. இருட்டினால் ஏதாவது ஒரு மணல் திட்டில் படகைக் கட்டிவிட்டு அதிலேயே படுத்துக்கொள்வது. ஒன்றரை மாதம், ரெண்டு பேர் மட்டும்!

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வாயேன்யா என்றார்கள். மனிதர் மசியவில்லை.

படகு பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதல் படகு நல்ல நீளம், ஆனால் கூரை இல்லை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இரண்டாவதில் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு உயரமான அறை இருந்தது. பார்க்க ஜோராக இருந்தது.

ஆரோக்கியம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வெயிட்டு ஜாஸ்தி சார். உங்க ஜீப்பு மூச்சு வாங்கும். அதுவுமில்லாம அந்த ஏரில பாதி எடத்துல முட்டிக்கால் அளவுதான் தண்ணி. இது தரை தட்டி நின்னுடும். நடுவுல யாரு வந்து தள்றது?"

"பெரிய மோட்டார் வைத்தால்?"

"வெளிநாட்டு மோட்டாருக்கு எங்க சார் போறது? நாட்ல டாலரே இல்லன்றான்."

மூன்றாவதுதான் பாக்கி. சின்னது, லேசானது, அடி தட்டை. நாலு பேர் சேர்ந்தால் கையாலேயே தூக்கி ட்ரெய்லரில் வைத்துவிடலாம். முன்பக்கம் தாழ்வாக ஒரு அறை. உள்ளே உட்கார முடியாது, நுழைந்து படுக்கத்தான் முடியும். படுக்கத்தானே போகிறார்கள்? முடிவாகிவிட்டது.

ஆரோக்கியம் உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். "சூப்பரா கீது. பிலோ, நீயும் வந்து படு. ரெண்டு பேருக்கு எடம் பத்துதான்னு பாக்கணும்."

"அய்ய, புடவ கட்டிக்கினு இன்னா இதெல்லாம்... சார் வேற நிக்கறாரு" என்றார் அந்த அம்மா. நான் நாகரிகமாக முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் சீட்டுகளை ஆராய்ந்தேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். 'டொம்' என்று ஒரு சத்தம். எழுந்திருக்கப் போய் அந்த அம்மா கூரையில் தலையை இடித்துக்கொண்டிருந்தார். வெளியே இழுத்து உட்காரவைத்தோம். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஃபைபர் ஒட்டற ரெசின் வாடைங்க. ரெண்டு நாள் வெயில்ல போட்டா பூடும்" என்றார் பட்டறைக்காரர்.

"ஆமா, வாடைதான்" என்று அந்த அம்மாவும் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்தார். ஆசை ஆசையாகப் பார்த்துவைத்த படகாயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ... மெதுவாகச் சொன்னார்.

"இதையே வாங்கிக்கலாங்க. நீங்க உள்ள படுங்க. எனக்கு வெளிய உக்காந்துக்கினு தூங்கறதுக்கு ஒரு எடம் இருந்தா போதும்."

"உக்காந்துக்கினா? ஏன்?"

"வூட்ல அப்டித்தானே தூங்கறேன். தலகாணிய செவுத்துல சாச்சி வெச்சிக்கினு. படுத்தா மூச்சு அடைக்குது."

"எப்பலேர்ந்து?"

"அது ஆவுது ரெண்டு வருசம்."

ஆரோக்கியம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரே வீடு, ரெண்டு வருடம்... எப்படித் தெரியாமல் போகும் என்றுதானே கேட்கிறீர்கள்? ஆரோக்கியத்துக்குப் பல வருடமாக நிரந்தர நைட் ஷிப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறினால், விடிந்துதான் வருவார். பகலில் அவர் தூங்கும்போது அந்த அம்மா சத்தமில்லாமல் வீட்டு வேலை பார்ப்பார். வார லீவு ராத்திரி? பழக்கதோஷம், அன்றைக்கும் அவருக்குக் கண் மூடாது. பெண்டாட்டி தூக்கம் கெடக்கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவார். லைட்டைப் போட்டுக்கொண்டு படகுப் படம் வரைவார். அவர் மேலே படகுக்குள் படுக்கை வரைந்துகொண்டிருந்தபோது, கீழே அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளே பட்டணத்துக்கு ஓடினோம். என் ஜீப்தான். இதயத்தில் ஒரு வால்வு ரொம்ப நாளாகவே பழுதாம். படுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறதாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆரோக்கியம் அப்போதும், "படகுல கூட்டிக்கினு போலாமா சார்?" என்று கேட்டார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரியை விட்டு எட்டிப் போகாதீங்க."

வராந்தா பெஞ்சில் வைத்துத்தான் மனிதர் உடைந்தார். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வூட்டுக்கு வந்தா தூங்கறீங்க. எழுப்பியா சொல்றது?" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்குத்தான் தாங்க முடியாமல், டீ வாங்குகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

எங்கள் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வருகின்றன, நல்லதுதான். வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக் குடியிருக்கிற வாழ்க்கையும் கூடவே வந்துவிட்டது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆரோக்கியம் சூப்பர்வைசர் கையைக் காலைப் பிடித்துப் பகல் ஷிப்ட் வாங்கிவிட்டார். "ராத்திரில தூக்கம் வருதா?" என்று நேற்று கேட்டேன்.

"எங்க சார்... அது மூச்சு வுடறத பாத்துக்கினு பக்கத்துலயே உக்காந்துக்கினு கீறேன்."

நைட் ஷிப்ட் ஆரம்பித்து இத்தனை வருடத்தில், அவர்கள் சேர்ந்து கழிக்கிற ராத்திரிகள் இவைதான்.