தங்கை கணினியில் போட்ட ரயில் பாதை

என் தங்கையின் முதலாம் ஆண்டு திதிக்கு வெயிலைப் பார்க்காமல் சித்தூர் வரை வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பந்தி முடிந்ததும் இந்த நினைவு மலரைப் பைக்குள் வைத்துவிடாமல் ஒரு தரம் படித்துவிடுங்கள். படித்த பிறகு உங்களுக்கு மாடியில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனாலும் இதை எழுத வேறு ஆளைத் தேடவில்லை. தங்கையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? மலரில் ‘அவர்’ என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும் என்று மருமகள், அதாவது தங்கையின் மகள், சொல்லிவிட்டாள். பிறந்த அன்றைக்கே தூக்கி வைத்துக்கொண்டவளை ‘அவர்’ என்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

நகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கரும்பும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்த எங்கள் நைனாவுக்கு நான் மூத்தவன், தங்கை இளையவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் கிளீனராகப் போனேன், டிரில்லர் ஆனேன், பிறகு வண்டிக்கே சொந்தக்காரன் ஆனேன். இன்று சித்தூரிலிருந்து சத்தியவேடு வரை என் வண்டி இறங்காத மண்டலம் கிடையாது. வெறும் பாறை என்று மற்றவர்கள் விட்டுவிட்டுப் போன இடத்தில் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதைக்கு அது வேண்டியிருக்கிறது.

தங்கை நன்றாகப் படித்தார். பி.காம் முடித்து, திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தார். தினமும் நகரியிலிருந்து பாசஞ்சர் வண்டியில் போய் வந்தார். கல்யாணமாகித் திருச்சானூருக்குக் குடி போனார். மாப்பிள்ளை சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். தங்கை யாரிடமும் கை நீட்டவில்லை. என்னிடம்கூட நீட்டவில்லை. அதில் எனக்கு அப்போது கோபம்தான். ஒற்றை ஆளாக மகளை இன்ஜினியர் ஆக்கினார். அவள் பெங்களூரில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் மூச்சு விடலாம் என்ற நேரத்தில் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸ் தொடங்கியது.

தங்கைக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ‘ஏன்’ என்று கேட்காமல் விடமாட்டார். வேலைக்குப் போன காலத்திலிருந்தே அவருக்கு ஒரு ‘ஏன்’ தீராமல் இருந்தது. திருப்பதிக்குப் பாதை பிரிகிற ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு வெளியே பாசஞ்சர் வண்டி ஏன் நிற்கிறது? பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியும், வண்டி நகராது. எல்லோரும் ரயில்வேயைத் திட்டிவிட்டுத் தூங்குவார்கள். தங்கை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தண்டவாளங்களையே பார்த்துக்கொண்டு வருவாராம்.

டயாலிசிஸ் படுக்கையில் மணிக்கணக்காகச் சும்மா கிடக்க வேண்டுமே என்று மருமகள் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்தாள். பொம்மை ரயிலுக்குப் பாதை வரையும் மென்பொருள். பொம்மை என்றால் தேர்த் திருவிழாவில் விற்கிற பொம்மை இல்லை. நிஜ வண்டியை அப்படியே சுருக்கியது போல இருக்கும். இன்ஜின் என் உள்ளங்கையில் அடங்கும். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களே வீட்டில் அறை ஒதுக்கி அதை ஓட்டுகிறார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. இன்னொரு கையில் மவுஸ் இருக்கும். அதற்கென்று ஒரு அட்டையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். முதல் நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“இன்னாமா பண்ற?”

“பாதை போட்டுக்கினு இருக்கேண்ணா.”

“எந்த ஊருக்கு?”

“நகரிலருந்து திருப்பதிக்கு.”

“அத்த வெள்ளைக்காரனே போட்டுட்டுப் போயிட்டானே?”

“அது அவன் போட்டது. இது நான் போடறது.”

பக்கத்தில் இருந்த நர்ஸம்மா தெலுங்குக்காரர். “ஏன்டம்மா, மள்ளி ரயிலா?” என்பார். மறுபடியும் ரயிலா என்று. வார்டு முழுக்கத் தங்கைக்கு ரயிலம்மா என்றே பெயர் ஆகிவிட்டது.

எனக்கும் வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க விடமுடியவில்லை. நேர்த் தண்டவாளம், வளைந்த தண்டவாளம், ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கிற பாயின்ட் எல்லாம் ஓரத்தில் வரிசையாக இருக்கும். எடுத்து எடுத்து ஒட்ட வேண்டும். வளைவு இறுக்கமாகப் போனால் கோடு சிவப்பாகிவிடும், அங்கே வண்டி கவிழும் என்று அர்த்தம். ஏற்றம் அதிகமானாலும் சிவப்பு. பிளாட்பாரத்தைக் கொஞ்சம் நீட்டினால் வளைவு நகர்கிறது, வளைவு நகர்ந்தால் மலையை ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிறது.

“நீ போர் போடறதுக்கு முன்னாடியே பாறை எங்க கீதுன்னு தெரிஞ்சா எப்டி இருக்கும்? அது மாதிரிண்ணா. கட்டறதுக்கு முன்னாடியே எங்க உழும்னு சொல்லிடும்” என்றார்.

“எனக்குப் பாறை எங்க கீதுன்னு மிஷின் சொல்ல வேணாம். கால வெச்சாலே தெரியும்” என்றேன். அது உண்மைதான்.

ஒரு நாள் படுக்கையிலிருந்தே “ண்ணா, ண்ணா!” என்று கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். திரையில் ரேணிகுண்டா. தான் வரைந்த பாதையில் இரண்டு வண்டிகளை ஓடவிட்டிருந்தார். அந்த மென்பொருளில் படத்திலேயே வண்டி ஓட்டிப் பார்க்கலாம். திருப்பதிக்குத் திரும்புகிற நம் வண்டி, எதிரில் வருகிற வண்டியின் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. நிறுத்தாவிட்டால் இரண்டும் மோதுகின்றன. “பாத்தியா? நம்ம வண்டிய சும்மா நிக்க வெக்கல. வழி உட்டுக்கினு இருந்திருக்காங்க” என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். நிஜ ரேணிகுண்டாவிலும் அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. தங்கைக்கு அன்று ஒரு பெரிய ‘ஏன்’ தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஆசை வந்தது. படத்தில் ஓடினால் போதாது, நிஜமாகக் கட்ட வேண்டும். நகரியில் கிளம்புகிற வண்டி, யார் கையும் படாமல், ஒரு சுற்று சுற்றி நகரிக்கே வந்து நிற்க வேண்டும். அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் என்னிடம் அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

திருச்சானூர் வீட்டில் இடம் ஏது? சித்தூரில் நான் கட்டியிருக்கிற வீடு உங்களுக்குத் தெரியும், அந்தத் தெருவில் அப்படி ஒன்று கிடையாது. மேல் மாடி ஹாலை எடுத்துக்கொள் என்றேன். மருமகள் அளந்து அனுப்பினாள். தங்கை ப எழுத்து போல மேசை போட்டு, திறந்த பக்கம் வடக்கு வாசலைப் பார்க்கும்படி வரைந்தார். ஒரு கையில் நகரி, நடுவில் ரேணிகுண்டா, இன்னொரு கையில் திருப்பதி. திருப்பதிக்கு அப்பால் வண்டி ஒரு மலைக்குள் புகுந்து, உள்ளேயே திரும்பி, பின் பாதையில் நகரிக்கு வந்துவிடும்.

“திருப்பதி தாண்டினா பாகாலா, சித்தூருன்னு இல்ல வரணும்? எங்க ஊரையே உட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“நடுவுல ஆளுங்க நிக்கிற இடம் இருக்குது இல்ல? அதான் சித்தூரு. நீ அங்கதான் நிக்கப் போற.”

சரி என்றேன். ஆனால் மலை இருந்த இடத்தைப் பார்த்ததும் வாஸ்துப்படி இது ஆகாது என்றேன். ஈசானிய மூலை! வடகிழக்கில் பள்ளம் இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், பாரம் இருக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் அந்த மூலையைப் பார்த்துத் துளை போட்டுச் சம்பாதித்துத்தான் நான் இந்த வீட்டையே கட்டினேன்.

“பிளாஸ்டர் மலைண்ணா. பத்து இட்லி கனம்கூட இருக்காது.”

“கனம் இல்லாட்டி இன்னா? மல மலதான்.”

மலையை மட்டும் இடம் மாற்றினால் பாதை எல்லாம் சிவப்பாகிறது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தார். அப்படிப் புரட்டினால் பாயின்ட்டுகளில் இடது பக்கம் பிரிவதெல்லாம் வலது பக்கம் பிரிவதாகிவிடுகின்றன. ஏற்கெனவே வாங்கி வைத்தவை உதவாது. அப்போது நான்தான் சொன்னேன், புரட்டாதே, மொத்தத்தையும் அப்படியே அரைச் சுற்று சுற்றிப் போடு என்று. சுற்றினார். மலை நேராகத் தென்மேற்கே கன்னி மூலைக்குப் போய் உட்கார்ந்தது. பாரம் இருக்க வேண்டிய இடமே அதுதான். ஒரு கோடுகூடச் சிவப்பாகவில்லை. “பாத்தியா, அஞ்சாவது படிச்சவன் மூளைய!” என்றேன்.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “ண்ணா, வாசலு எங்க கீது பாரு.”

ப-வின் மூடிய பக்கம் இப்போது வடக்கே வந்து, வாசலுக்குக் குறுக்கே தண்டவாளம் போனது. உட்கார்ந்து பார்ப்பதற்காக மேசை உயரத்தைக் குறைவாக வைத்திருந்தார் தங்கை.

“நான் எப்டி உள்ள போறது?”

“குனிஞ்சு.”

“என் வூட்ல நானு குனிஞ்சு போவணுமா? பேங்க் மேனேஜரு எதிர்லயே கால் மேல கால் போட்டுக்கினு பேசினவன்மா நானு!”

“உன் மூலைக்காக நான் திருப்பதியவே தூக்கி வெச்சேன். எனக்காக நீ முதுக வளைக்க மாட்டியா?”

மாட்டேன் என்றுவிட்டேன். வாசலில் மட்டும் கதவு போலத் தூக்கித் திறக்கிற பலகை வைப்பதாக முடிவு செய்தேன். “வெட்டு உழுந்த எடத்துல வண்டி உழும்ணா” என்றார் தங்கை. போர் வண்டிக்கே இரும்பு வேலை செய்கிற என் வெல்டர் இருக்கும்போது என்ன பயம்? இரும்புச் சட்டம், கீல், தாழ்ப்பாள் எல்லாம் உறுதியாகச் செய்தான். ஆசாரி மேசை போட்டார். மருமகள் சனி ஞாயிறுகளில் வந்து ஒயர் இணைத்தாள். வண்டி காலையில் பலகை மேல் வழுக்கிக்கொண்டு போனது. மத்தியானம் அதே பலகையில் தடுக்கிக் கவிழ்ந்தது. சரிசெய்தோம். மறுநாளும் காலையில் ஓடியது, மத்தியானம் கவிழ்ந்தது.

அதற்குள் தங்கைக்கு இதயமும் பலவீனமாகிவிட்டது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போனால் டயாலிசிஸ் படுக்கையிலிருந்தே கேட்பார்.

“ஓடுச்சாண்ணா?”

“உழுந்துடுச்சிமா.”

“காத்தாலயா, மத்தியானமா?”

“மத்தியானம்.”

“சித்தூரு வெயில்ல இரும்பு நீளுதுண்ணா. உன் கீலு மேல தப்பில்ல” என்று எனக்கே சமாதானம் சொல்வார். குனி என்று அதற்குப் பிறகு ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேட்பதையும் நிறுத்திவிட்டார். மடிக்கணினி மூடியே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆசாரியைக் கூப்பிட்டேன். கீலைக் கழற்றச் சொன்னேன். வாசலுக்குக் குறுக்கே ஒரே பலகையை ஆணி அடித்து, அதன் மேல் வெட்டில்லாத முழுத் தண்டவாளத்தைப் போட வைத்தேன். “அன்னா, மீரு எட்லா லோபலிக்கி போதாரு?” என்று ஆசாரி கேட்டார். நீங்கள் எப்படி உள்ளே போவீர்கள் என்று அவருக்குக் கவலை. குனிந்து உள்ளே போனேன்.

வேண்டுமென்றே மத்தியானம் வரை காத்திருந்தேன். வெயில் ஏறியதும் மருமகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் தங்கையின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். நான் வண்டியைப் பின்தொடர்ந்து என் போனை நகர்த்தினேன். நகரியில் கிளம்பியது. வாசலைத் தாண்டியது. ரேணிகுண்டா, திருப்பதி. மலைக்குள் புகுந்து காணாமல் போனது. நான் போனை மலையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினேன். பின்பக்கம் வெளியே வந்து, மறுபடியும் வாசலைத் தாண்டி, நகரியில் வந்து நின்றது.

தங்கைதான் முதலில் பேசினார். “ரேணிகுண்டால நிக்காமயே வந்துடுச்சேண்ணா.”

“உன் வண்டின்னு சொன்னேன், வழி உட்டுட்டாங்க.”

“நீ எங்க நிக்கிற? உள்ளயா, வெளியவா?”

“உள்ளதான்.”

“எப்டி போன?”

“குனிஞ்சுதான் போனேன். போதுமா?”

“தலைல இடிச்சிக்கினியா?”

“இடிச்சிக்கினேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. நர்ஸம்மா அதட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வாரமே தங்கை எங்களை விட்டுப் போனார்.

ரயிலம்மாவை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும் டாக்டர்களுக்கும், நான் வெளியூர் போன நாட்களில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன திருச்சானூர் ஆட்டோக்காரருக்கும், ஆசாரிக்கும், கழற்றி எறிந்த கீலைப் பற்றி இன்றுவரை வருத்தப்படுகிற என் வெல்டருக்கும், வேலையையும் பார்த்துக்கொண்டு தாயையும் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. பாகாலாவைச் சேர்க்க முடியுமா என்று நானும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கே வைத்தாலும் சிவப்பாகிறது. ஏன் என்றுதான் புரியவில்லை.

இனி உங்கள் வேலை. எல்லோரும் மாடிக்கு வாருங்கள், வண்டி ஓடும். வாசலில் பலகை இருக்கிறது, எடுக்க மாட்டேன். பெரியவர் சிறியவர் யாரானாலும் குனிந்துதான் வர வேண்டும். நானும் தினமும் அப்படித்தான் போகிறேன். உள்ளே வந்து நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் நிற்கிற இடம்தான் சித்தூர்.